தொட்டியில் இல்லாத நாலு சதவீதம்

கரண்ட் இருக்கும்போது தப்பாகவும், கரண்ட் போனதும் சரியாகவும் காட்டுகிற மீட்டரை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? கோகிலவாணி பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறதென்று ஒரு மனிதர் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். சும்மா சிரித்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம், சிரிப்போடு ஒரு பேச்சையும் ஒட்டி அனுப்பிவிட்டாள். இன்றைக்கு வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்று இருபது. கோயம்புத்தூரில் சின்னவேடம்பட்டிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் எல்லாரும் மாடியில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோ கொண்டுவந்த கருவாட்டு வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வருகிறது, அவள் மட்டும் கீழே சோதனை மேஜையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் போர்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு தாள். ‘போர்டு இரண்டு முறை சோதிக்கப்பட்டது, பழுது இல்லை’ என்று அடித்துத் தயாராக இருக்கிறது, அடியில் அவள் பெயர், பெயருக்கு மேலே கையெழுத்துக்கான வெற்றிடம். இரண்டு மணிக்கு அந்தத் தாள் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டும். போனால் அங்கே எலெக்ட்ரீஷியன் செங்கோடனுக்கு வேலை போய்விடும். போர்டில் பழுது இல்லையென்றால் பழுது ஆளிடம்தானே. அவ்வளவு சுலபமான கணக்கு. பேனா மூடி திறந்தே இருக்கிறது, மை காய்ந்துவிடும், மூட வேண்டும், மூடவில்லை.

அவரும் சிரித்தார். அதுதான் அவளுக்கு மறுபடி மறுபடி வந்து நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், சர்வீஸ் பார்க்கிற நௌஷாத் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவே வைத்திருந்தார், சுற்றி ஆறேழு பேர். அந்தப் பக்கம் செங்கோடன். ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் இவர்களுடைய போர்டு மாட்டியிருக்கிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதை அது இரண்டே கம்பி வழியாகச் சொல்லும். தொட்டி காலி என்றால் நாலு மில்லி ஆம்பியர், நிறைந்திருந்தால் இருபது. பம்ப் அறையில் இருக்கிற திரை அந்தக் கரண்டைப் பார்த்துச் சதவீதமாகக் காட்டும். மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். ‘நிக்க மாட்டேங்குதுங்க,’ என்றார் செங்கோடன். ‘தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தானுங்க பேசறேன், அடி தெரியுது. திரையில நாலு சதவீதம்னு நிக்குது. கரண்ட் போச்சுன்னா பேட்டரில ஓடுமுங்களே, அப்பப் பாத்தா சைபர் காட்டுதுங்க. கரண்ட் வந்தா மறுபடி நாலு.’ நிதானமான குரல், ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வைக்கிற குரல். யாரும் பேசவில்லை. அந்த மாதிரி மௌனம் வந்தால் அதை நிரப்புவது கோகிலாவின் வேலை, ஆறு வருடமாக இங்கே அவளுக்கு அதுதான் பெயர், சிரித்த முகம். ‘அண்ணன் சாயங்காலம் ஆனா ரெண்டு தொட்டியாப் பாப்பாரு போல,’ என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னாளா? மேஜை முழுக்கச் சிரித்தது. நௌஷாத் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்தும் ‘ஹெ ஹெ’ என்று ஒரு சிரிப்பு. மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. பஸ்ஸில் யாரோ காலை மிதித்துவிட்டால், பரவாயில்லைங்க என்று சொல்லிக்கொண்டே காலை இழுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. ‘அப்படி இல்லீங்க அம்மிணி,’ என்றார். அம்மிணி என்றார். பெயர் தெரியாது அவருக்கு. முகமும் தெரியாது. ஒரு பெண் குரல், ஒரு நக்கல், அவ்வளவுதான் அவரைப் பொறுத்தவரை அவள்.

ஒரு பேச்சு எப்படி நடக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் வாயிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து நௌஷாத் அண்ணனுக்கு. அவர் கெட்டவர் இல்லை, ஆலை மேனேஜரிடம் வேறு எதற்கோ பேசும்போது பேச்சோடு பேச்சாக, ‘எங்காபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க சார், உங்காளு கொஞ்சம் அப்படி இப்படியோன்னு,’ என்று விட்டிருக்கிறார். மேனேஜர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். போன வாரம் செங்கோடன் சாப்பிடப் போன நேரத்தில் தொட்டி காலியாகி, திரை நாலு சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருக்க, மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடி ஓடிக் கருகிப்போனது. மறுநாள் மெமோ. அதில் ‘பணி நேரத்தில் போதையில் இருந்ததாகத் தெரிய வருகிறது’ என்று ஒரு வரி. தெரிய வருகிறது. எங்கிருந்து தெரிய வருகிறது? இங்கிருந்து, இந்த மேஜையிலிருந்து, இந்த ஸ்டூலிலிருந்து. திங்கட்கிழமை நௌஷாத் அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, ‘நீ சும்மா சொன்னது நெசம்தான் போல கோகிலா, விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருன்னு அனுப்பிட்டாங்களாம்,’ என்றார். அவள் அதற்கும் சிரித்தாள். சிரித்தே பழகிய வாய் தானாக விரிந்தது. அன்று ராத்திரி பாப்பாவுக்குத் தலை வாரும்போது பல்லை இறுக்கிக்கொண்டே வாரியிருக்கிறாள். ‘அம்மா வலிக்குது, ஏன் கோவமா இருக்க?’ என்றது இனியா. நாலு வயதுக்கு எல்லாம் தெரிகிறது. கோபமில்லடா கண்ணு என்றாள். கோபமில்லை, உண்மைதான். கோபம் என்றால் வெளியே போகும். இது உள்ளேயே உட்கார்ந்து புளித்த மாவு மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். நௌஷாத் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். ‘சாப்பிடலயா நீ? கையெழுத்துப் போட்டுட்டியா?’ ‘இன்னொருவாட்டி பாத்துட்டுப் போடறேண்ணா.’ ‘ரெண்டுவாட்டி பாத்தாச்சே. அந்தப் போர்டுக்கு ஜாதகமா எழுதப்போற?’ ‘ஆமாண்ணா, கட்டம் சரியில்ல.’ பாருங்கள், இப்போதுகூட வாய் சும்மா இல்லை. அவர் சிரித்துவிட்டு, ‘ரெண்டு மணிக்கு அந்த ஆலை மேனேஜர் உசுர எடுப்பான், மறந்துடாத,’ என்று மேலே போனார். அவர் போனதும் அவள் சுடிதார் பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். காலையில் இருந்தே அங்கேதான் இருக்கிறது, தொடையில் உறுத்திக்கொண்டு. ஆலையிலிருந்து போர்டு திரும்பி வந்தபோது அதைச் சுற்றியிருந்த காகிதம். நோட்டிலிருந்து கிழித்த நாலு கோட்டுத் தாள், குழந்தைகள் இங்கிலீஷ் எழுதிப் பழகுவதற்கு வாங்குகிற தாள். போன வாரம் பெட்டியைப் பிரித்தபோது அதையும் குப்பையோடுதான் ஒதுக்கினாள், குப்பைக்கூடை நிறைந்திருந்ததால் மேஜைக்கடியில் விழுந்து கிடந்தது. இன்று காலை கூட்டும்போது பார்த்தாள். செங்கோடனின் எழுத்து. தேதி, நேரம், கரண்ட் உண்டு அல்லது இல்லை, திரை காட்டிய சதவீதம். எட்டு நாள், பதினோரு வரி. யாரும் கேட்காமல் ஒரு மனிதர் பதினோரு தடவை பம்ப் அறைக்குப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். கடைசியில் இன்னொரு வரிசை, தலைப்பு இல்லாமல், வெறும் எண். கரண்ட் உண்டு என்ற ஒவ்வொரு வரிக்கும் நேராக 27.6. கரண்ட் இல்லை என்றால் 25.1, 25.0, 24.9. போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பேட்டரியின் சார்ஜர் முகப்பில் இருக்கிற வோல்ட் அது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது எத்தனை வோல்ட், ஏறாதபோது எத்தனை என்று. எழுத வேண்டுமென்று அவருக்கு ஏன் தோன்றியது? தோன்றியிருக்கிறது. அவளுக்குத் தோன்றவில்லை. அவள் சம்பளம் வாங்குவது இதற்காக.

அவள் வீட்டு யுபிஎஸ்கூட அப்படித்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஆனால் சார்ஜ் ஏறும்போது சின்னத் திரையில் பதிமூன்று புள்ளி எட்டு என்று நிற்கும், தினமும் அதன் மேல்தான் பாப்பாவின் வாட்டர் பாட்டிலை வைக்கிறாள், தினமும் பார்க்கிறாள். இரண்டு பேட்டரி சேர்த்தால் இருபத்தேழு புள்ளி ஆறு, பாப்பாகூட கூட்டிச் சொல்லும் கொஞ்ச நாளில். வீட்டில் தெரிந்தது ஆபீஸில் ஏன் தெரியாமல் போயிற்று? ஏனென்றால் இங்கே மேஜையில் இருக்கிற பவர் சப்ளையின் திருகு, இருபத்து நாலு வோல்ட்டில் வைத்துக் கருப்பு டேப் சுற்றி ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ முழங்கை பட்டு அது திரும்பி, ஒரே வரிசையில் பத்துப் போர்டு புகைந்துபோன நாளில் ஒட்டியது. அவள்தான் ஒட்டினாள். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்தக் கம்பெனியை விட்டு வெளியே போன எந்தப் போர்டும் இருபத்து நாலைத் தாண்டி ஒரு புள்ளிகூடப் பார்த்ததில்லை. வீட்டை விட்டே வெளியே விடாத பிள்ளையை ஒரேயடியாகத் திருவிழாக் கூட்டத்தில் விட்ட மாதிரி. டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. மீண்டும் சுரண்டினாள். பிசின் நகத்துக்குள் ஏறிக்கொண்டது, கருப்பாக, பிசுக்காக. வராவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்த் தயிர்சாதம் சாப்பிடலாம். அந்த நினைப்பை அவள் பார்த்தாள், இது நான் நினைத்ததுதானா என்று. டேப் சரக்கென்று வந்துவிட்டது.

டயோடு. எல்லாம் அந்த டயோடுதான், போர்டின் ஓரத்தில் இரண்டு கம்பி ஏறுகிற இடத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருப்பாக உட்கார்ந்திருக்கிறதே அது. அதை உட்கார வைத்தது அவள். போன ஐப்பசி இடியில், வயல்வெளியில் நீளமாகக் கம்பி இழுத்திருந்த இடங்களில் ஏழு போர்டு செத்துத் திரும்பி வந்தன. இடி எங்கோ விழும், கம்பியில் ஒரு கணம் வோல்ட் எகிறும், உள்ளே இருக்கிற சிப் நாற்பது வோல்ட்டுக்கு மேல் தாங்காது, போய்விடும். அந்த எகிறலைப் பிடித்துத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் டயோடின் வேலை. பழைய டயோடு முப்பத்து மூன்று வோல்ட் வகை. அது விழித்துக்கொண்டு பிடிப்பதற்குள் ஐம்பத்து மூன்று வரை விட்டுவிடும், அதற்குள் சிப் காலி. ஜெயசீலன் சார், கம்பெனி அவருடையது, அவள் கையில் டயோடு வகைகளின் விவரம் அச்சடித்த டேட்டாஷீட்டைக் கொடுத்து, ‘நீயே பாத்து ஒண்ணு சொல்லு,’ என்றார். பி.இ. படித்த இரண்டு பேர் இருக்க, டிப்ளமோ படித்த அவளிடம். அந்தத் தாளில் இருந்த இங்கிலீஷ் பத்திகளை அவள் படிக்கவில்லை. படிப்பாள், மெதுவாக, உதட்டை அசைத்து. ஆனால் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவளுக்கு எண்களின் வரிசை எப்போதும் பாதுகாப்பான இடம், எண்ணுக்கு மீடியம் கிடையாது. விரலை வைத்து இறக்கினாள். இருபத்து நாலு என்ற வரியில், பிடிக்கும் வோல்ட் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. நாற்பதுக்குக் கீழே. போதும், விரல் நின்றுவிட்டது. நடுவில் இன்னொரு வரிசை இருந்தது, எந்த வோல்ட்டில் அது லேசாகக் கசிய ஆரம்பிக்கும் என்று. அதன் மேல்கூட விரல் போயிற்று, அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, இருபத்தாறு புள்ளி ஏழு என்று இருந்தது, நம்மிடம் ஓடுவது இருபத்து நாலுதானே என்று விரல் கடந்துவிட்டது. ‘ரெண்டு கம்பி லூப்பும் இருபத்து நாலு, டயோடும் இருபத்து நாலு. பத்துக்குப் பத்தும் பொருந்துது சார்,’ என்றாள். சார் சத்தமாகச் சிரித்து, ‘இவளுக்கு இருக்கற தெளிவப் பாருங்க,’ என்றார் மற்றவர்களிடம். அன்றைக்கு எல்லாருக்கும் தேங்காய் பன் வந்தது. கார்த்திகை முழுக்க இடி இடித்தும் ஒரு போர்டுகூடச் சாகவில்லை. வீட்டில் புருஷனிடம் சொல்லிச் சொல்லி, அவரே, ‘ஏன்டி, அந்த டயோடுக்கும் உனக்கும் கல்யாணமா ஆயிருக்கு?’ என்று கேட்டார்.

திருகைத் தொட்டாள். விரல் பிசின் திருகில் ஒட்டியது. இருபத்து நாலு, மீட்டரில் 4.00. போர்டு காலித் தொட்டியைப் பார்க்கிறதாகப் பாவனை, சரியாகத்தான் சொல்கிறது. இருபத்து நாலரை, 4.00. இருபத்தைந்து, 4.00. இருக்காது, வீணாகப் பயந்துவிட்டேன், செங்கோடன் அண்ணன் கம்பியில் எங்காவது ஈரம் இருக்கும், ஆலையில் மாவுத் தூசி, ஈரம், எலி, எத்தனை இல்லை. சந்தோஷம்கூட வந்தது. தப்பு அவருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற மனசை என்ன செய்வது, அதுவும் அவள் மனசுதான், பாப்பாவுக்கு ஆரஞ்சு உரித்து நார் எடுக்கிற அதே கையுள்ளவளின் மனசு. இருபத்தாறு, 4.01. கண்ணைக் கசக்கினாள். 4.01. ஒரு புள்ளிதானே, மீட்டர் ஆடும். இருபத்தாறரை, 4.06. மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள், கூரை கிர்ரென்றது. நிறுத்திவிடலாம். இங்கே நிறுத்தி, திருகைத் திருப்பி, புது டேப் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, டேப் சுருள் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அப்புறம் மெதுவாக, ஒரு மாதம் கழித்து, சார் வேறொரு டயோடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கலாம், புத்திசாலிப் பெண் என்றுகூடச் சொல்வார்கள். தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். பி.இ. இரண்டும் ஒன்றும் சொல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும், அது போதும். தமிழ் மீடியம், டேட்டாஷீட் படிக்கத் தெரியாமல் நம்பரை மட்டும் பார்த்து. வாய் மட்டும் ஜாஸ்தி. ஆமாம், வாய் மட்டும் ஜாஸ்திதான். அவரும் சிரித்தார். பதினோரு வரி எழுதிவிட்டு, அதில்தான் போர்டைச் சுற்றி அனுப்பினார். சொல்லிப் பார்த்தார், சிரித்தார்கள், எழுதிக் கொடுத்தார், குப்பையில் போட்டார்கள். இன்னும் என்ன செய்வார் ஒரு மனிதர்? இருபத்தேழு, 4.21. திருகு இப்போது கொஞ்சம் பட்டாலே ஏறியது. இருபத்தேழு புள்ளி ஆறு. மீட்டர் 4.62.

4.62. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை, அது நாலு சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. தொட்டியில் இல்லாத தண்ணீர். டயோடு இடி வரும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்க வேண்டும், இடி வந்தால் மட்டும் துள்ளி எழ வேண்டும். அவள் பிடித்து உட்கார வைத்ததோ குக்கர் விசிலுக்கே விழித்துக்கொண்டு சிணுங்குகிற ரகம். விழித்துக்கொண்டு, போர்டு விடுகிற நாலோடு தன் பங்குக்குக் கொஞ்சம் கரண்டை விட்டுக்கொண்டிருந்தது, பம்ப் அறைத் திரைக்கு எது போர்டு சொன்னது எது டயோடு சொன்னது என்று எப்படித் தெரியும். கரண்ட் போனால் சார்ஜர் நிற்கும், வோல்ட் இறங்கும், டயோடு தூங்கிவிடும், சைபர் சரியாக வரும். கரண்ட் இருந்தால் நாலு, போனால் சைபர். சொன்னாரே, அதே வார்த்தையில். சாலிடரிங் அயர்னைச் சூடாக்கி டயோடைப் பிடுங்கினாள், போர்டு அதே 27.6-இல் 4.00 என்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. டிராயரில் இருபத்தெட்டு வோல்ட் வகை ஒன்று கிடந்தது, அதை வைத்தாள். 4.00. முப்பது வரை ஏற்றினாள். 4.00. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு ரெசிஸ்டர் வைத்தால் சிப்பும் இடிக்குத் தப்பும், அரை மணி நேர வேலை, ஆறு மாதத்துக்கு முன்னால் விரலை இன்னும் இரண்டு வரி கீழே இறக்கியிருந்தால். பிடுங்கின டயோடு மேஜை மேல் கிடந்தது. ஊதினால் பறந்துவிடும். காது இரண்டும் எரிந்தன, கழுத்து வரைக்கும் சூடு, யாரும் பார்க்காத அறையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், போர்டைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், கடைசியில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிசின் அப்பின நகங்களை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அழுதால் யாராவது வந்து பரவாயில்லை என்று சொல்வார்கள், அந்தப் பரவாயில்லையைக் கேட்க முடியாது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது போல.

ஜெயசீலன் சார் ஏப்பம் விட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அவள் எழுந்து நின்றாள், எப்போதும் எழுந்து நிற்பதில்லை. ‘சார், இதப் பாருங்க.’ திருகை இருபத்து நாலில் வைத்து, பழைய டயோடை மறுபடி பற்றவைத்து, ஏற்றிக் காட்டினாள், செங்கோடனின் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீளமாகப் பார்த்தார். ‘இருபத்தேழரை ஓடுதா அங்க?’ ‘பேட்டரி சார்ஜ்ல இருந்தா அப்படித்தான் சார் ஓடும். எல்லா எடத்துலயும்.’ ‘ம்.’ தாடையைத் தேய்த்தார். ‘புது டயோடு போட்டு அனுப்பிடும்மா. மேம்படுத்தி அனுப்பியிருக்கோம்னு எழுதிடு. பழுதுன்னு ஏன் எழுதணும்.’ ‘அப்போ அந்த அண்ணன்?’ ‘அது அவங்க ஆலை விஷயம்.’ அவள் வழக்கமில்லாத சின்னக் குரலில், ‘காலித் தொட்டியில நாலு சதவீதம்னு சொன்னது நம்ம போர்டு சார். இது மாதிரி அறுபத்தி மூணு போர்டு வெளிய ஓடுது. அறுபத்தி மூணு எடத்துலயும் ஒரு செங்கோடண்ணன் இருப்பாரு,’ என்றாள். அறுபத்து மூன்று என்றதும் அவர் முகம் மாறியது. பழுது இல்லை என்ற தாளை எடுத்து, இரண்டாக மடித்து, இன்னும் இரண்டாக மடித்து, கிழித்தார். ‘எங்கெங்க இருக்குன்னு பட்டியல் எடு. ஆலைக்கு நம்ம தப்புன்னு எழுது, நான் கையெழுத்துப் போடறேன். டயோடு யாரு எடுத்தான்னு எழுத வேண்டாம். கம்பெனின்னு போடு.’ நல்ல மனிதர். அந்த நல்லதனம் அவளுக்கு ஒரு அடி மாதிரி விழுந்தது. டயோடைத் தேர்ந்தெடுத்தது நான் என்று அவள் எழுதினாள். அவர் படித்தார், அவளைப் பார்த்தார், அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணிக்கு அது போய்விட்டது. மெமோவைத் திரும்பப் பெற அதுவே போதும் என்றார் நௌஷாத் அண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

செங்கோடனின் வேலை தப்பிவிட்டது. ஆனால் தாளில் எழுதியதெல்லாம் டயோடைப் பற்றி, வோல்ட்டைப் பற்றி. ரெண்டு தொட்டி என்று சொன்ன வாயைப் பற்றி எழுத அதில் எந்த வரிசையும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு பின்வாசலில் ஜெனரேட்டர் பக்கம் போய் நின்றாள். வெயில் தகித்தது. நாலு தடவை மணி அடித்தது, எடுக்காமல் இருந்தால் தேவலை, எடுத்துவிட்டார். ‘சொல்லுங்க,’ என்றது அந்த நிதானமான குரல். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றாள். போர்டு தப்பு என்றாள், டயோடு என்றாள், 27.6 என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் கண்டே பிடித்திருக்க மாட்டோம் என்றாள், ஆலைக்கு எழுதியாகிவிட்டது என்றாள். ‘சந்தோசங்க,’ என்றார் அவர். ‘அந்த வோல்ட்டுலதான் என்னமோ இருக்குன்னு எனக்கும் பட்டுச்சுங்க.’ அத்தோடு வைத்துவிடலாம். வைத்துவிடலாம். ‘அண்ணா, அன்னைக்கு ஸ்பீக்கர்ல, ரெண்டு தொட்டியாப் பாப்பாருன்னு சொன்னது நான்தாண்ணா.’ ‘தெரியுமுங்க அம்மிணி. எடுத்தவொடனே கொரல் தெரிஞ்சுபோச்சு.’ ‘அதைத்தான் யார் யாரோ சொல்லி, மெமோவுல...’ அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, கொஞ்சம் அழுத்தமாகவே வைக்கிற சத்தம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ‘நான் அதை விட்டு ஆறு வருசமாச்சுங்க அம்மிணி. ஒரு சொட்டுக் கெடையாது. மேனேஜரு நம்புனா நம்பறாரு, இல்லாட்டி வேற ஆலைக்குப் போயிக்குவேன், அது ஒண்ணும் பெருசில்லீங்க. வூட்டுலதானுங்க சங்கடம். மெமோவ எம்பொஞ்சாதி படிச்சுட்டா. மறுபடியும் ஆரம்பிச்சுட்டேன்னே நெனச்சுட்டா. ஒரு வாரமாச் சோத்தப் போட்டுட்டு அந்தப் பக்கம் போயிடறா, ஒரு பேச்சு இல்ல. இல்ல இல்லன்னு நான் எத்தன சொன்னாலும், அப்பவும் இப்படித்தானே சொன்னேன்னு பாக்கறா.’ அவர் எழுந்து பாத்திரச் சத்தம் வந்த பக்கம் நடப்பது கேட்டது. ‘இந்தப் போன அவகிட்டக் குடுக்கறேனுங்க. எங்கிட்டச் சொன்னத அப்படியே அவகிட்ட ஒருவாட்டி சொல்லிருங்க அம்மிணி.’